ஸ்க்ரீன்ஷாட் எடுக்காமல் போனைப் பிடுங்கினேன்

2023 ஆகஸ்ட்டில் ஒரு ஞாயிறு மதியம். அடுப்பில் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. என் மகளோடு ஒன்பதாம் வகுப்பு படிக்கும் ஒரு பிள்ளையின் அம்மா போனில் கூப்பிட்டார். "டீச்சர், தப்பா நெனைக்காதீங்க. பாப்பா பேர்ல ஒரு ஐடி சுத்துதுங்களே, நீங்க பாத்தீங்களா?" என்றார். நான் பார்த்திருக்கவில்லை. அவர் அனுப்பிய இணைப்பைத் திறந்தேன். என் மகளின் படம், அவள் பெயர், அவள் வகுப்புப் பிரிவு, பள்ளியின் பெயர் எல்லாம் இருந்தன. பின்தொடர்கிறவர்கள் 61 பேர். பன்னிரண்டு பதிவுகள். அவள் நிறத்தையும் பல்வரிசையையும் கேலி செய்து ஒவ்வொன்றின் கீழும் சிரிப்புப் பொம்மைகள். கடைசிப் பதிவில் அவள் முகத்தை வேறொரு உடம்பில் ஒட்டியிருந்தார்கள். அதை இங்கே விவரிக்க எனக்கு மனம் வரவில்லை. அந்த முகம் எந்தப் புகைப்படத்திலிருந்து எடுக்கப்பட்டது என்று பார்த்த உடனேயே தெரிந்துவிட்டது. ஆண்டு விழாவில் அவள் பரதம் ஆடியபோது நான் எடுத்து, என் வாட்ஸப் ஸ்டேட்டஸில் நானே போட்ட படம் அது.

நான் கரூரில் ஓர் உதவிபெறும் பள்ளியில் கணக்கு ஆசிரியை. பதினேழு வருடமாகப் பிள்ளைகளோடு இருப்பவள். மகள் படித்தது வேறு பள்ளி. கணவர் கத்தாரில் வேலை பார்க்கிறார். வீட்டில் நானும் மகளும் மாமியாரும்தான். அதற்கு முந்தைய மூன்று வாரங்களை இப்போது நினைத்தால் எல்லாமே கண்ணெதிரே நடந்திருக்கிறது. திங்கட்கிழமை வந்தால் வயிற்றுவலி என்பாள். வேன் வாசலில் ஹாரன் அடித்தாலும் பாத்ரூமிலிருந்து வெளியே வரமாட்டாள். பரத வகுப்புக்கு இனிப் போகமாட்டேன் என்றாள். போனில் சின்னச் சத்தம் கேட்டாலே திடுக்கிட்டு அதைக் கவிழ்த்து வைப்பாள். காலாண்டுத் தேர்வுப் பயம் என்று நான் முடிவுகட்டி, டாக்டரிடம் கூட்டிப்போய் ரூ.1,200-க்கு ஸ்கேன் எடுத்து, ஒன்றுமில்லை என்று அவர் சொன்னதும் நிம்மதியாகிவிட்டேன். ஒரு பிள்ளை போனை அதிகம் பார்த்தால் நாம் கவனிக்கிறோம். அதுவரை ஆசையாகப் பார்த்த போனைக் கண்டு திடீரென்று மிரண்டாலும் அதே அளவுக்குக் கவனிக்க வேண்டும். எனக்கு அது தெரியவில்லை.

அன்று மதியம் நான் செய்ததை ஒளிக்காமல் சொல்கிறேன். நேராக அவள் அறைக்குப் போய், "என்னடி பண்ணித் தொலைச்சே" என்று கத்தினேன். அடித்தேன். கையிலிருந்த போனைப் பிடுங்கினேன். அவள் அழுதுகொண்டே சொன்ன முதல் வார்த்தை, "போன எடுத்துக்காதம்மா" என்பதுதான். இந்த நேரத்திலும் போன்தான் முக்கியமா என்று இன்னொரு அடி வைத்தேன். அடுத்து என்ன போடப்போகிறார்கள் என்று பார்க்க முடியாமல் போய்விடுமே என்ற பயத்தில்தான் அவள் அதைக் கேட்டாள் என்பது இரண்டு வாரம் கழித்துத்தான் எனக்குப் புரிந்தது. மூன்று வாரமாக அவள் என்னிடம் சொல்லாததற்கும் காரணம் அதே போன்தான். சொன்னால் அம்மா போனைப் பிடுங்குவாள் என்று நினைத்திருக்கிறாள். அவள் நினைத்தபடியேதான் நானும் செய்தேன்.

போனைத் திறந்தால் அவளுக்குத் தனியாகவும் மிரட்டல்கள் வந்திருந்தன. "நாளைக்கு டான்ஸ் கிளாஸ் குரூப்ல போடறோம்" என்பது போல நாற்பதுக்கும் மேல். படிக்கப் படிக்கக் கை நடுங்கியது. இதெல்லாம் என் பிள்ளையின் போனில் இருக்கவே கூடாது என்ற ஆவேசத்தில் ஒன்று விடாமல் அழித்துவிட்டு, அந்த ஐடியை பிளாக் செய்து, செயலியையே தூக்கிவிட்டேன். பிற்பாடு காவல் நிலையத்தில், "மிரட்டல் எங்கே?" என்று கேட்டபோது காட்ட என்னிடம் ஒன்றுமில்லை.

ஆகவே உங்கள் வீட்டில் இப்படி நடந்தால் முதல் பத்து நிமிடம் எதையும் அழிக்காதீர்கள், பதில் எழுதாதீர்கள், சண்டை போடாதீர்கள். அந்தப் பக்கத்தின் முழு இணைப்பையும் நகலெடுத்துத் தனியாகச் சேமியுங்கள். பெயரை அவர்கள் ஒரு நிமிடத்தில் மாற்றிவிடுவார்கள், வெறும் பெயரை மட்டும் குறித்துவைத்தால் போதாது. செய்திகளை நேரமும் தேதியும் தெரிய ஸ்க்ரீன்ஷாட் எடுங்கள். இன்னொரு போன் இருந்தால், இந்தப் போனின் திரையை மேலிருந்து கீழே தள்ளிக்கொண்டே வீடியோ எடுத்துவிடுங்கள். இடையில் எதுவும் வெட்டப்படவில்லை என்பதற்கு அது சாட்சி. பின்தொடர்கிறவர்கள் பட்டியலையும் எடுங்கள். யார் யார் சேர்ந்தார்கள், யார் எல்லாப் பதிவுக்கும் சிரித்தார்கள் என்பதெல்லாம் பின்னால் உதவும். ஒரு நோட்டில் தேதி போட்டு எழுதிக்கொண்டே வாருங்கள். இவ்வளவும் முடிந்த பிறகு பிளாக் செய்யலாம்.

இதில் ஒரு விஷயத்துக்கு மட்டும் வேறு விதி. பிள்ளையின் ஆபாசமான படமோ, அப்படி ஒட்டவைத்த படமோ இருந்தால் அதை யாருக்கும் அனுப்பாதீர்கள். நான் பதற்றத்தில் ஈரோட்டில் இருக்கும் அண்ணனுக்கு அனுப்பினேன். "அம்மிணி, இத எதுக்கு எனக்கு அனுப்பறே, மொதல்ல அழி" என்று அவர் பதறினார். நல்ல எண்ணத்தில் அனுப்பினாலும் பரப்பியவர்களில் நாமும் ஒருவராகிவிடுகிறோம். தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 67பி பிரிவு, 18 வயதுக்குட்பட்டவர்களின் அத்தகைய படங்களை உருவாக்குவதை மட்டும் குற்றமாக்கவில்லை. பரப்புவதும் பதிவிறக்குவதும்கூட அதில் வரும். 2024 செப்டம்பரில் உச்ச நீதிமன்றமும், அப்படியான படத்தைப் போனில் வைத்திருந்து அழிக்காமலும் புகார் செய்யாமலும் இருப்பது, குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டப்படி குற்றமாகலாம் என்று விளக்கித் தீர்ப்பளித்திருக்கிறது. படத்துக்குப் பதிலாக அது இருக்கும் இணைப்பைக் காவல்துறையிடம் கொடுங்கள். அது போதும்.

மறுநாள் மகளின் பள்ளிக்குப் போனேன். "இது ஸ்கூல் டயத்துல நடந்ததில்லையே டீச்சர். பொம்பளப் புள்ள விஷயம். பெருசு பண்ணுனா அவ பேருதான் கெடும்" என்றார்கள். நானும் ஒரு டீச்சர் என்பதால் அந்தப் பதிலின் பின்னால் இருக்கும் பயம் எனக்குத் தெரியும். ஆனாலும் அந்த நாற்காலியில் அம்மாவாக உட்கார்ந்து கேட்டபோது, இந்த உலகத்தில் எனக்கு யாருமே இல்லை என்று தோன்றியது. எழுத்தில் ஒரு புகார் கொடுத்து, நகலில் தேதியோடு கையெழுத்து வாங்கியிருக்க வேண்டும். வாங்காமல் வந்துவிட்டேன். தமிழ்நாட்டில் பள்ளி மாணவர்களுக்கென்றே 14417 என்ற உதவி எண் இருக்கிறது. என் வகுப்பில் பாடப்புத்தகம் பார்க்கும்போதெல்லாம் அந்த எண் கண்ணில் பட்டிருக்கிறது. அன்று நினைவுக்கு வரவில்லை.

செயலிக்குள்ளேயே புகார் செய்தேன். எந்தக் காரணம் தேர்ந்தெடுப்பது என்று தெரியாமல் "தேவையற்ற பதிவு" என்ற வகையில் ஐந்து முறை அழுத்தினேன். விதிகளை மீறவில்லை என்று பதில் வந்தது. அங்கேதான் நான் வழுக்கி விழுந்தேன். போலி ஐடியை நீக்குவது எப்படி என்று இணையத்தில் தேடினேன். ஒரு வீடியோவின் கீழே, "இந்த சார்தான் என் தங்கச்சிய காப்பாத்துனார்" என்று வரிசையாகக் கருத்துகள், கூடவே ஒரு டெலிகிராம் முகவரி. எத்திகல் ஹேக்கர் என்று சொல்லிக்கொண்டவர் அவ்வளவு பணிவாகப் பேசினார். "அக்கா, கவலைப்படாதீங்க, ரெண்டு மணி நேர வேலை" என்றார். அந்த ஒரு வார்த்தைக்காக நான் ஏங்கிக்கொண்டிருந்தேன். முதலில் ரூ.3,500 ஜிபேயில் அனுப்பினேன். பிறகு சர்வர் கட்டணம் என்று ரூ.6,000. அதற்குப் பிறகு எல்லா நகலையும் ஒரேயடியாக அழிக்க ரூ.9,000. அடையாளம் காண வேண்டும் என்று கேட்டபோது அந்தப் படத்தையும் அனுப்பினேன். எந்தப் பள்ளி என்றும் சொன்னேன். வெள்ளிக்கிழமை இரவு பத்தரை மணிக்கு அவர் குரல் மாறியது. "இருபத்தஞ்சாயிரம் போடுங்க. இல்லேன்னா உங்க ஸ்கூல் குரூப்புக்கே இந்தப் படம் வரும்." அதுவரை என் பிள்ளையை மிரட்டிக்கொண்டிருந்தவர்கள் ஏதோ சில பிள்ளைகள். ஒரு தொழில்முறை மோசடிக்காரனையும் அவள்மேல் ஏவிவிட்டது நான்.

அன்றிரவு தூங்கவில்லை. 2016-இல் சேலம் மாவட்டத்தில் ஒரு பெண், அவள் முகத்தை ஒட்டிய படங்கள் பேஸ்புக்கில் வந்து, புகார் கொடுத்தும் நடவடிக்கை தாமதமானதில் உயிரையே விட்ட செய்தி நினைவில் வந்துகொண்டே இருந்தது. அப்போது அதைப் படித்துவிட்டு ஸ்டாஃப் ரூமில் பரிதாபப்பட்டவள் நான். மகளின் அறைக் கதவுத் தாழ்ப்பாளை ஸ்க்ரூடிரைவரால் கழற்றி எடுத்துவிட்டு, அவள் பக்கத்தில் பாயைப் போட்டுப் படுத்தேன். விடியற்காலை நாலு மணி இருக்கும். "அம்மா, நீ அடிச்சது எனக்கு வலிக்கல. நீ எம்மேல சந்தேகப்பட்டதுதான்..." என்று சொல்லிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். கட்டிப்பிடித்துக்கொண்டு, "தப்பு உம்மேல இல்ல சாமி" என்று அப்போதுதான் முதல்முறையாகச் சொன்னேன். ஆறு நாள் தாமதமாக. வேறு எதையும் செய்யத் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, அந்த ஒரு வாக்கியத்தை முதல் நிமிடத்தில் சொல்லிவிடுங்கள்.

திங்கட்கிழமை காலை சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்கு அழைத்தேன். எடுத்த பெண்ணின் முதல் கேள்வி, "பணம் அனுப்பி எத்தனை மணி நேரம் ஆச்சும்மா?" என்பது. மூன்று நாள் என்றேன். ஒரு கணம் பேசாமல் இருந்தார். பணம் ஒரு கணக்கிலிருந்து அடுத்த கணக்குக்குத் தாவிக்கொண்டே போகும். வழியிலேயே முடக்கினால்தான் திரும்பக் கிடைக்க வாய்ப்புண்டு. வெள்ளிக்கிழமை இரவே அழைத்திருந்தால் கடைசி ரூ.9,000-ஆவது மிஞ்சியிருக்கலாம். எனக்கு ரூ.18,500-உம் போனது போனதுதான். 1930 முக்கியமாகப் பணமோசடிக்கான எண். பிள்ளையின் படம் தொடர்பான புகாரை சைபர்கிரைம் டாட் கவ் டாட் இன் என்ற மத்திய அரசு தளத்தில், பெண்கள் குழந்தைகள் தொடர்பான பகுதியில் பதிய வேண்டும். அங்கே பெயர் சொல்லாமலும் புகார் கொடுக்கலாம். பெயர் சொல்லிக் கொடுத்தால் புகார் எண் வரும், அதை வைத்து நிலவரம் பார்க்கலாம். நான் பெயரோடு கொடுத்து, எண்ணை எழுதிக்கொண்டு மாவட்ட சைபர் கிரைம் காவல் நிலையத்துக்கு நேரிலும் போனேன்.

பயந்துகொண்டேதான் போனேன். ஆனால் அங்கிருந்த பெண் உதவி ஆய்வாளர் மறுநாள் சேலை கட்டிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்து, மகளின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து கேட்டார். போக்சோ சட்டம், காவலர் சீருடையில் இல்லாமல்தான் குழந்தையிடம் வாக்குமூலம் வாங்க வேண்டும் என்கிறது. குழந்தையின் பெயரையோ பள்ளியையோ யாரும் வெளியிடக் கூடாது என்பதும் சட்டம்தான். "பேரு கெட்டுப்போகும்" என்று பயந்து வாயை மூடிக்கொண்டிருக்கிறோமே, இந்தப் பாதுகாப்பு இருப்பதை யாராவது முன்னமே எனக்குச் சொல்லியிருந்தால் அந்த ஒரு வாரம் வேறு மாதிரி போயிருக்கும்.

ஐடியை நீக்கியதும் அந்த உதவி ஆய்வாளர் சொன்ன வழியில்தான். பெரிய சமூக ஊடக நிறுவனம் ஒவ்வொன்றும் இந்தியாவில் குறைதீர்ப்பு அலுவலர் ஒருவரை வைத்திருக்க வேண்டும். ஆள்மாறாட்டமோ, உருமாற்றிய ஆபாசப் படமோ பற்றிப் பாதிக்கப்பட்டவர் புகார் செய்தால் 24 மணி நேரத்துக்குள் நீக்க நடவடிக்கை எடுக்க வேண்டும் என்று 2021-ஆம் ஆண்டு விதிகள் சொல்லின. "தேவையற்ற பதிவு" என்று பொத்தானை அழுத்தாமல், "இது 14 வயது மைனரின் பெயரில் ஆள்மாறாட்டம், நான் அவள் தாய், இது இணைப்பு, இது புகார் எண்" என்று நான்கே வரியில் அந்த அலுவலருக்கு மின்னஞ்சல் அனுப்பினேன். இரண்டாம் நாள் பக்கம் காணாமல் போனது. மூன்று வாரமாக என் பிள்ளையைத் தின்றுகொண்டிருந்த ஒன்று போவதற்கு நான்கு வரி போதுமானதாக இருந்தது.

மோசடிக்காரனிடம் போன படம் வேறெங்காவது வந்துவிடுமோ என்ற பயம் மட்டும் போகவில்லை. அதற்கு டேக் இட் டவுன் என்ற இலவசச் சேவை உதவியது. அமெரிக்காவில் காணாமல் போன, சுரண்டப்படும் குழந்தைகளுக்காக இயங்கும் தேசிய மையம் அதை நடத்துகிறது. படத்தை எங்கும் அனுப்ப வேண்டியதில்லை. நம் போனிலேயே அதற்கு எண்களாலான ஒரு கைரேகை போல உருவாக்கி, அந்த எண்ணை மட்டும் எடுத்துக்கொள்கிறது. சேவையில் இணைந்துள்ள தளங்களில் அதே படம் ஏற்றப்பட்டால் கண்டுபிடித்து நீக்க அந்த எண் பயன்படும். 18 வயதுக்குள் எடுத்த படங்களுக்கு இது. வயதுவந்தவர்களுக்கு ஸ்டாப் என்சிஐஐ என்று இதே போன்ற ஒன்று இருக்கிறது. நீக்கித் தருகிறேன் என்று படத்தை அனுப்பச் சொல்கிறவர்களை நம்பாதீர்கள்.

கணவரிடம் பத்தாவது நாள்தான் சொன்னேன். அங்கே தனியாக இருக்கிறார், பதறுவார், என்னைத்தான் குறை சொல்வார் என்று மறைத்தேன். எல்லாம் கேட்டுவிட்டு, "ஏன் எங்கிட்ட சொல்லல?" என்றார். அதே கேள்வியை நான் மகளிடம் எத்தனை முறை, எவ்வளவு கோபமாகக் கேட்டிருந்தேன். அவளுக்கும் எனக்கும் காரணம் ஒன்றுதான்.

ஐடியைத் தொடங்கியது மூன்று பேர். அதில் ஒருத்தி ஆறாம் வகுப்பிலிருந்து என் மகளின் டிபன் பாக்ஸில் கை வைத்துச் சாப்பிட்டவள். எங்கள் வீட்டில் ஊஞ்சலாடியவள். ஆண்டு விழாவில் தன்னைப் பின்வரிசைக்குத் தள்ளிவிட்டார்கள் என்ற வருத்தத்தில் தொடங்கி, மற்ற இருவர் சிரிக்கச் சிரிக்க எங்கேயோ போய்விட்டிருக்கிறது. அவர்களும் குழந்தைகள் என்பதால் இளஞ்சிறார் நீதிச் சட்டத்தின் வழியில் நன்னடத்தை அலுவலர், ஆலோசனை என்று விசாரணை போனது. நியாயமாகச் சொல்கிறேன், அவர்களை ஜெயிலில் போட வேண்டும் என்றுதான் அன்று நினைத்தேன். அந்தப் பெண்ணின் அம்மா எங்கள் வாசற்படியில் உட்கார்ந்து அழுதபோதும் என் மனம் இளகவில்லை. இன்றும் முழுதாக இளகியது என்று சொன்னால் பொய்.

ஆனால் அந்த மூவரை விட என்னை அதிகம் தூங்கவிடாமல் செய்தது மீதி 58 பேர். அதில் நாற்பதுக்கும் மேல் அவள் வகுப்புப் பிள்ளைகள். தினமும் அவள் முகத்தைப் பார்த்தவர்கள். ஒருவர்கூடத் தன் வீட்டில் சொல்லவில்லை. எனக்குப் போன் செய்த அந்த அம்மாகூட மகளின் போனைத் தற்செயலாகப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டார். அவர் மகள் அந்தப் பக்கத்தைத் தனியாக மூன்று முறை புகார் செய்திருக்கிறாள். யாரிடமும் சொல்லத் துணிவில்லாமல், கையால் ஆனதைச் செய்திருக்கிறாள்.

மகள் தேறிவர ஏழெட்டு மாதம் ஆனது. மனநல ஆலோசகரிடம் ஆறு முறை, ரூ.4,800. டெலிமானஸ் என்ற அரசு மனநல உதவிச் சேவையின் 14416 எண்ணில் இலவசமாகவே பேசலாம் என்பது அப்போது தெரியாது. எனக்குப் பதினொரு நாள் விடுப்பு. ஸ்கேன், மோசடி எல்லாம் சேர்த்து ரூ.24,500. அவள் பரதத்துக்குத் திரும்பப் போகவே இல்லை. அதற்கு நான் கணக்குப் போட முடியவில்லை.

2024 ஜூனிலிருந்து என் எட்டாம் வகுப்புக்கு வெள்ளிக்கிழமை கடைசிப் பீரியடில் இருபது நிமிடம் இதைத்தான் எடுக்கிறேன். பாஸ்வேர்டை யாருக்கும் சொல்லாதே, தெரியாதவரோடு பேசாதே என்று மட்டும் சொன்னால் பிள்ளைகள் தலையாட்டுவார்கள். என் மகளுக்கும் அதெல்லாம் தெரியும். அவளைத் தாக்கியவர்கள் தெரிந்தவர்கள். அதனால் நான் முதலில் எடுத்தது வேடிக்கை பார்ப்பவர்களைப் பற்றி. ஒரு கேலிப் பக்கம் கண்ணில் பட்டால் பின்தொடராதே, சிரிப்புப் பொம்மை போடாதே, "அய்யய்யோ பாரு" என்று இன்னொருத்திக்கு அனுப்பாதே, சரியான காரணத்தைத் தேர்ந்தெடுத்துப் புகார் செய், பாதிக்கப்பட்டவளிடம் போய் "நான் பார்த்தேன், உன்கூட இருக்கேன்" என்று ஒரு வார்த்தை சொல். இதைப் பிள்ளைகளே நடித்துப் பார்க்கிறார்கள். பெற்றோர் கூட்டத்தில் அம்மாக்களின் போனை வாங்கி வாட்ஸப்பில் முகப்புப் படம், ஸ்டேட்டஸ், குரூப்பில் சேர்க்கும் அனுமதி மூன்றையும் யாருக்குத் தெரிய வேண்டுமோ அவர்களுக்கு மட்டும் என்று மாற்றிக்காட்டுகிறேன். பள்ளிச் சீருடையில், பெயரோடு பிள்ளையின் படத்தை எல்லாருக்கும் தெரியப் போடாதீர்கள் என்று சொல்லும்போது என் கதையைச் சொல்லித்தான் சொல்கிறேன்.

வகுப்பில் ஒரு அட்டைப்பெட்டி வைத்திருக்கிறேன். பெயர் எழுதாமல் சீட்டுப் போடலாம். முதல் வாரம், "உனக்கு இப்படி நடந்தால் வீட்டில் சொல்வாயா?" என்று கேட்டிருந்தேன். 43 சீட்டில் 31-இல் "மாட்டேன்" என்று இருந்தது. அதில் பெரும்பாலானவற்றில் காரணம் "போன புடுங்கிருவாங்க." அந்தச் சீட்டுகளை அப்படியே பெற்றோர் கூட்டத்தில் வாசித்தேன். யாரும் பேசவில்லை.

போன நவம்பரில் பென்சிலால் எழுதிய ஒரு சீட்டு வந்தது. "பக்கத்து செக்ஷன்ல ஒரு அக்கா பேர்ல ஐடி இருக்கு மிஸ். நானும் ஃபாலோ பண்றேன். வெளிய வந்தா அடுத்து என்னைய போடுவாங்க." எழுதியது யார் என்று நான் தேடவில்லை. அடுத்த நாள் வகுப்பில், பயமாக இருந்தால் வெளியே வர வேண்டாம், அந்த ஐடியின் இணைப்பை மட்டும் எழுதிப் போட்டால் போதும் என்று பொதுவாகச் சொன்னேன். இரண்டு நாள் பெட்டி காலியாக இருந்தது. மூன்றாம் நாள் ஒரு சீட்டு கிடந்தது. எழுத்துப்பிழை இல்லாமல், ஒவ்வொரு எழுத்தையும் அழுத்தி அழுத்தி முழு இணைப்பையும் எழுதியிருந்தது. சாயங்காலமே அந்தப் பெண்ணின் வீட்டுக்குப் போனேன். கதவைத் திறந்த அவள் அம்மாவிடம், "மொதல்ல உட்காருங்க. அவளத் திட்டிராதீங்க, போனையும் வாங்கிராதீங்க" என்று சொல்லிவிட்டுத்தான் விஷயத்தைத் தொடங்கினேன்.